நிக்கிற பொழுது

ஆவரங்குடியில் ரயில்வே கேட்டில் ஆரம்பித்து ஊருணிக் கரையில் போய் முடிகிற கேட்டுத் தெருவில், ஆவணி பிறந்தும் மேகம் ஒன்றுகூட எட்டிப் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய வண்டி கூவிக்கொண்டு போன பிறகு, கேட் தூக்கிய பிறகு, காத்துக் கிடந்த சைக்கிள்காரர்களும் மினி லாரிக்காரர்களும் ஒருவரையொருவர் வைதுகொண்டு கலைந்த பிறகு, பொழுது நகராமல் நின்றது. நிழல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. சுவர்க் கடிகாரங்களின் முள் முன்னால் ஒரு எட்டு வைப்பதும் பின்வாங்குவதுமாகத் துடித்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்த எருமை ஒன்று பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றது, அதன் முதுகிலிருந்து எழும்பிய கரிச்சான் குருவி எழும்பிய உயரத்திலேயே நின்றது.

தெருவுக்குள் மட்டும் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஆட்கள் நடமாடினார்கள், பேசினார்கள், மின்சாரம் இருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை, அது எப்போதும் வராது. வெளியே போகப் பார்த்தவர்கள் கேட்டைத் தாண்டியதும் ஊருணிக் கரை வழியாகத் தெருவுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள். ஊருணிப் பக்கம் போனவர்கள் கேட் வழியாக வந்தார்கள். அப்படியே சுற்றிச் சுற்றி வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "சரி, இன்னைக்கு விடாது போல" என்று சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் காதர் மைதீன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாவு மில்காரி தங்கபுஷ்பத்துக்கு நிற்பது என்றாலே ஆகாது. நடந்துகொண்டே தலை வாருகிறவள், மில் பெல்ட்டின் மேல் ஒரு கண்ணும் அடுப்பின் மேல் ஒரு கண்ணுமாக நின்றபடியே சோறு தின்கிறவள், கோயில் கொடையில்கூட சாமி வருகிறவரை உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துபோய் யாருக்காவது வெங்காயம் உரித்துக் கொடுக்கிறவள். மில்லுக்குப் பின்னாலிருந்த உள்ளறையில் அவள் புருஷன் பால்துரை படுத்திருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் சாத்தூர் வரைக்கும் பேர் வாங்கியவர். முந்தின வருஷக் கார்த்திகையில் வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அவுக இப்பத்தான் கண்ணசந்தாக" என்பாள். கொஞ்ச காலத்தில் யாரும் வருவதில்லை.

பொழுது நின்ற அந்த முதல் நாள் அவள் ஒரு மூட்டைக் கம்பை அரைத்து முடித்தாள். பிறகு எருமை வாயை மூடியது, கரிச்சான் பறந்தது, கடிகார முள் துணிந்து அடுத்த எட்டை வைத்தது. அப்போது டின்னைத் திறந்து பார்த்தால் மாவு இல்லை, முழுக்கம்பு இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. அரைபட்ட சூடு மட்டும் மிச்சம்.

அடுத்த வீட்டுப் பாக்கியத்தாய் அந்தப் பொழுதில் ஒட்டி அடுக்கிய தீப்பெட்டிக் கூடுகள் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. வடித்த சோறு அரிசியானது. அந்தப் பொழுதில் தூங்கியவர்கள் தூங்காதவர்களைப் போல அலுத்து எழுந்தார்கள், சாப்பிட்டவர்களுக்கு ஏப்பம் வந்தது, பசி போகவில்லை.

மறுநாளும் அதே நேரம் பொழுது நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், மாதா கோயிலில் ஜெபம் வைத்தார்கள், பள்ளிவாசலில் துஆ செய்தார்கள். மூன்று இடத்திலும் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பொழுது நின்றது. பிறகு தெரு அதற்கு ஒரு பெயர் வைத்தது. நிக்கிற பொழுது. பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அது வீட்டுப் பிள்ளை மாதிரிதானே. "நிக்கிற பொழுதுக்கு முந்தி வந்துரு", "நிக்கிற பொழுது கழிஞ்சு தாரேன்" என்று பேச்சில் அது கலந்துவிட்டது. ஆனாலும் தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லை. கையில் அவ்வளவு நேரத்தைக் கொடுத்துவிட்டு, செய்வதையெல்லாம் அவிழ்த்துப் போட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார்கள். சும்மா சண்டை போட்டார்கள். நிக்கிற பொழுது கழிந்ததும் சண்டையும் அவிழ்ந்துபோய், எதற்குக் கோபப்பட்டோம் என்று தெரியாமல் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது பாக்கியத்தாய்தான், அதுவும் எரிச்சலில். ஒட்டினால் பிரிகிறது, சும்மா இருந்தால் கை பரபரக்கிறது என்று தெருவில் இறங்கி நடந்தவள், காதர் மைதீன் கையில் வெந்நீர் பட்டுக் கட்டுப் போட்டிருந்ததையும், கழுவாத டம்ளர்கள் ஈ மொய்த்துக் குவிந்து கிடந்ததையும் பார்த்தாள். "கடையா நடத்துதீரு, பாய்?" என்று வைதுகொண்டே அத்தனையையும் கழுவிக் கவிழ்த்தாள். பொழுது நகர்ந்தது. டம்ளர்கள் பளிச்சென்று அப்படியே இருந்தன. அவள் ஒரு டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள், வெயிலில் தூக்கிப் பார்த்தாள், "ஓகோ, அப்படியா சங்கதி" என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தனக்கென்று செய்வது அவிழும், அடுத்தவருக்கென்று செய்வது நிற்கும். கூலிக்குச் செய்தால் அது தனக்குச் செய்ததுதான். செய்த கையோடு பதிலுக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் அதுவும் வியாபாரம்தான், ரெண்டும் சேர்ந்து அவிழும்.

அதற்கப்புறம் அந்தத் தெரு கண்ட கூத்தை என்னவென்று சொல்வது. மைக் செட் சூசைமாணிக்கம், கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மாதா சப்பரத்துக்கும் பாடுகிற அந்த நெட்டை மனுஷன், பெண்களை வரிசையாக நிறுத்திச் சைக்கிள் பழக்கினார். இல்லாத பொழுதில் பழகிய சைக்கிளை அவர்கள் இருக்கிற பொழுதில் கோயில்பட்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார்கள். காதர் மைதீன் கட்டுப் பிரித்த கையோடு எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈயம் பூசாமல் கிடந்த பாத்திரங்களுக்கெல்லாம் ஈயம் பூசிக் கொடுத்தார், அவருக்கு அந்த வேலை தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. ஒருவர் கொல்லைக் கிணற்றில் இன்னொருவர் இறங்கித் தூர் எடுத்தார். ஜென்மப் பகையாளி வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தவர், மாற்றும்போதே மேலேயிருந்து அவரை வைதுகொண்டும் இருந்தார், ஓடு நின்றது, வசவு அவிழ்ந்துபோனது.

தெருவிலேயே அதிகம் கொடுத்தவள் தங்கபுஷ்பம். கூலி வாங்காமல் அரைத்தாள். மிளகாய், மல்லி, உளுந்து, கேப்பை என்று வீடுவீடாகத் தானே எடுத்து வந்து, அரைத்து, தானே கொண்டுபோய் வைத்தாள். வைத்த வேகத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "உக்காந்துட்டுப் போங்க மதினி" என்றால், "வேல கெடக்கு" என்பாள். அவள் பிய்ந்த செருப்பை யாரோ தைத்து வைத்தார்கள். உடனே அவர்கள் வீட்டுக்கு ஒரு சம்படம் சத்துமாவு போய்ச் சேர்ந்தது, பொழுது நகர்ந்ததும் செருப்பும் பிய்ந்தது, மாவும் தானியமானது. அவளுக்கு யார் செய்ததும் நிற்கவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பெரிதாக எடுத்துக்கொள்ள அவளுக்கு வேறொன்று இருந்தது. பால்துரைக்கு மதியச் சோறு கொடுக்கிற நேரமும் நிக்கிற பொழுதும் ஒன்றாக இருந்தன. முதல் சில நாட்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. ஊட்டி, வாய் துடைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் அவர் இடது கையால் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். தட்டில் சோறு போட்டபடி இருக்கும்.

இந்த விஷயத்தில் தெருவில் ஏற்கெனவே ஒரு வம்பு ஓடிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் பெண்டாட்டி புருஷனுக்குச் செய்தது நின்றது, சில வீடுகளில் நிற்கவில்லை. நிற்காத வீட்டுக்காரர்களை, "ஈருடல் ஓருயிர், அதான் தனக்குத்தானே செஞ்ச மாதிரி ஆகுது" என்று பெருமையாகப் பேசினார்கள். பாக்கியத்தாய்க்கு அவள் புருஷன் போட்டுக் கொடுத்த காபி நின்றது. "எங்களுக்குள்ள ஆகாது. அதான் ஒட்டுது" என்றாள் அவள், வெட்கமில்லாமல். தங்கபுஷ்பத்தைப் பற்றியும் தெரு பெருமையாகப் பேசியது. அவளும் கேட்டுக்கொண்டாள். ஆனால் புகழ்ச்சி அவர் வயிற்றுக்குப் போகவில்லை. நிக்கிற பொழுதுக்கு முன்னால் ஊட்டிப் பார்த்தாள், அவருக்கு அப்போது இறங்கவில்லை. பொழுது கழிந்த பிறகு ஊட்டினாள், பசியில் அவசரப்பட்டுப் புரையேறியது. கை கால் பிடித்துவிட்டது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் அவிழ்ந்தது. முதுகில் சிவப்பாக ஓரிடம் தடித்திருந்தது.

அதைப் பார்த்த அன்று அவள் மில்லைப் பூட்டாமல் பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றாள், உள்ளே போனாள், மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"என்ன மதினி, ஒரு இடத்துல நிக்க மாட்டீகளா?" என்றாள் பாக்கியத்தாய். அவள் மகள் மலர்க்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்து, பிறந்து பதினாறு நாள்கூடக் கழியாத சிசுவோடு தகரக் கூரைக்கடியில் படுத்திருந்தாள். தாய் ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். பச்சைப் பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"நான் அவுகளுக்குச் செய்யுதது எதுவும் நிக்க மாட்டேங்கு பாக்கியம்."

"தெரியும்."

"ஊருக்கெல்லாம் நிக்கி. கட்டுனவருக்கு நிக்கல. இது என்ன நியாயம்?"

பாக்கியத்தாய் விசிறியைக் கை மாற்றினாள். "சொன்னா கோவிப்பீக."

"சொல்லுளா."

"அண்ணாச்சிக்கு நீங்க ஊட்டல மதினி. உங்களுக்கு நீங்களே ஊட்டுதீக. அவுகளுக்குப் பசிக்கின்னு நீங்க சொல்லுதீக, தூங்குதாகன்னு நீங்க சொல்லுதீக, முடியாதுன்னு நீங்க சொல்லுதீக. அவுக சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு எங்களுக்கு? அங்கன ஒரு மனுசன் இருக்காகன்னே தெருவுக்கு மறந்து போச்சு. நிக்கிற பொழுதுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

தங்கபுஷ்பம் கோபிக்கவில்லை. கோபிக்க ஒரு இடத்தில் நின்றாக வேண்டும். விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள், உலையை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள், பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். உள்ளறையில் பால்துரை அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அவர் தன்னை அப்படிப் பார்ப்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் கண்ணில் பீளை இருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தாள்.

மறுநாள் நிக்கிற பொழுதில் சூசைமாணிக்கம் சோளம் அரைக்க வந்தார். சும்மா வரமாட்டார், ராகம் போட்டுக்கொண்டுதான் வருவார். உள்ளறையிலிருந்து பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. சூசைமாணிக்கம் பாட்டை நிறுத்தினார். சத்தமும் நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து இழுத்தார். உள்ளேயிருந்து அந்த இழுப்பு, சுருதி கொஞ்சம் விலகி, ஆனால் அதே இழுப்பாகத் திரும்பி வந்தது.

"மதினி, அண்ணாச்சி பாடுதாக."

"அவுக இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். வழிவிட்டு நகர்ந்தாள்.

அன்று சூசைமாணிக்கம்தான் அவருக்குச் சோறு ஊட்டினார், சரியாக ஊட்டத் தெரியாமல், நெஞ்செல்லாம் சிந்தி. தங்கபுஷ்பம் நிலைக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தாள். ரசத்தை முதலில் விடுகிறானே, பெரிய உருண்டையாகப் பிடிக்கிறானே, தலையைத் தூக்கிப் பிடிக்கவில்லையே. பொழுது நகர்ந்தது. தட்டு காலியாகவே இருந்தது. பால்துரை ஏப்பம் விட்டார். அவள் மில்லுக்குள் போய் ஓடாத பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகையா பொறாமையா என்று கேட்டால் அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அதன்பின் தினமும் ஆள் வந்தது. ஒருவர் முகம் மழித்துவிட்டார். ஒருவர் காலை நீட்டி மடக்கிவிட்டு, சுவரைப் பிடித்து நிற்கப் பழக்கினார். சூசைமாணிக்கம் பாடினார், நிக்கிற பொழுதில் பாடிப் பாடி, பால்துரைக்குச் சொல் வரத் தொடங்கியது, ராகத்தோடு மட்டும். பேச்சாகக் கேட்டால் வாய் கோணிக்கொள்ளும், பாட்டாகக் கேட்டால் "தண்...ணீ...ர்" என்று மோகனத்தில் வரும். முதுகுத் தடிப்பு வாடியது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. வருகிறவர்கள் செய்து முடித்துக் கிளம்பும்போதெல்லாம் அவர் இடது கையை அவர்கள் பக்கம் நீட்டி, எதையோ தேடி, வெறுங்கையாக இறக்கிக்கொள்வார். அந்தக் கை பாயில் ஓயாமல் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தது. தங்கபுஷ்பத்தின் பரபரப்பு அந்தக் கைக்குள் குடிபோனதுபோல் இருந்தது.

ஐப்பசி பிறந்தும் புழுக்கம் குறையாத ஒரு நாள், பாக்கியத்தாய் அவர் தலைக்கு எண்ணெய் வைத்துவிட வந்தாள். தேய்த்துக்கொண்டே பேசினாள். வீட்டில் இருந்த ஒரே மேசை ஃபேனும் புகைந்துபோனது, கடைக்காரன் தூக்கிப் போடச் சொல்லிவிட்டான், பிள்ளை வெக்கையில் பால் குடிக்காமல் துவளுகிறது. பால்துரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொண்...டா" என்று பாடினார்.

"என்னத்த அண்ணாச்சி?"

"ஃபே...னு... கொண்...டா."

"அதெல்லாம் அவுகளால முடியாது" என்றாள் தங்கபுஷ்பம். "ஒத்தக் கையாலயா காயில் கட்ட? ஏளா, நீ எண்ணெயத் தேய். நீங்க பேசாம இருங்க."

பால்துரை இடது கையால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்த் தங்கபுஷ்பத்தின் காலடியில் நின்றது. பிறகு அவளே குனிந்து கிண்ணத்தை எடுத்தாள், பரண்மேல் ஏறினாள், தூசு படிந்த காயில் மிஷினையும் தாமிரக் கம்பி உருளையையும் இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"பாக்கியம், ஃபேனக் கொண்டு வா" என்றாள்.

கருகிய காயிலை வெட்டி எடுக்கவே வெகுநேரம் ஆனது. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஃபேன் மோட்டாரைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் உளியை அழுத்தினார். உளி வழுக்கி வழுக்கிப் போனது. தங்கபுஷ்பத்தின் கை தானாக முன்னால் போனது. பாக்கியத்தாய் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பழைய கம்பியெல்லாம் வந்து, மோட்டார்க் குழிகளில் தாள் மடித்து வைத்து, புதுக் கம்பி சுற்ற வேண்டிய கட்டம் வந்தபோது எல்லாரும் பயந்தது நடந்தது: ஒரு கை மிஷினைச் சுற்ற வேண்டும், ஒரு கை கம்பியைப் பிடித்து ஓட்ட வேண்டும். அவர் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தார். பிறகு இடது காலை நீட்டி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கம்பியைக் கோர்த்தார். இடது கையால் சுற்றத் தொடங்கினார்.

"ஒண்...ணு" என்று பாடினார். "ரெண்...டு."

எண் தப்பினால் காயில் வீண். இருபதுக்கு மேல் போனதும் அவருக்கு எண் தடுமாறியது. சூசைமாணிக்கம் அவரோடு சேர்ந்து எண்ணினார். வாசலில் நின்றவர்கள் சூசைமாணிக்கத்தோடு எண்ணினார்கள். சேதி தெருவுக்குப் பரவி, வீட்டு வேலையை விட்டு வந்தவர்களும் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்களும் மில்லைச் சுற்றி நின்று, கல்யாணப் பாட்டுமில்லாத ஒப்பாரியுமில்லாத ஒரு மெட்டில், ஒவ்வொரு சுற்றையும் பாடி எண்ணினார்கள். கம்பி அறுந்தது. முதலிலிருந்து எண்ணினார்கள். மறுபடி அறுந்தது. மறுபடி எண்ணினார்கள்.

அன்று நிக்கிற பொழுது போகவில்லை. வழக்கமாகக் கிளம்புகிற நேரம் தாண்டியும் நிழல் அசையவில்லை, எருமை வாயை மூடவில்லை. யாரும் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒரு வேலை முடிகிறவரை விருந்தாளி இருந்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். பசி வந்தது. தானாகச் சாப்பிட்டால் தங்காது என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே அவரவர் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றவருக்கு ஊட்டினார்கள். ஓடு மாற்றியவருக்கு அவருடைய பகையாளி கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து ஊட்டினார், இந்த முறை இரண்டு பேருமே வையவில்லை. வாய் நிறையச் சோற்றோடு எண்ணினார்கள். சோறு இல்லாத வாய் எண்ணைப் பிடித்துக்கொண்டது.

தங்கபுஷ்பம் மட்டும் சாப்பிடவில்லை. தண்ணீர் மொண்டு வரப் போனாள், உள்ளறை விளக்கைப் போடப் போனாள், யாருக்கோ பாய் விரிக்கப் போனாள். பாக்கியத்தாய் ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"வாயத் திறங்க."

"எனக்குப் பசியில்ல."

"பொய்யி."

"நான் உனக்கு என்னத்தத் திருப்பிக் குடுக்க? வீட்டுல ஒண்ணுமில்ல இன்னைக்கி."

"ஒண்ணும் குடுக்க வேணாம். முழுங்குங்க, போதும்."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். பழைய சோறும் சுண்டவைத்த குழம்பும். விழுங்கினாள். திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லாமல், கை இரண்டும் வெறுமையாகத் தொங்க, இன்னொரு கவளத்துக்கும் வாயைத் திறந்தாள். அது வயிற்றில் இறங்கித் தங்கியதை, அடுப்பில் வைத்த கல்லைப் போல் கெட்டியாக, சூடாகத் தங்கியதை அவள் உணர்ந்தாள்.

கடைசிச் சுற்றை எண்ணி முடித்தபோது எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பால்துரை காயிலைப் பல்லால் கடித்துக் கட்டினார், குழிகளில் இறக்கினார், வார்னிஷ் பூசினார். வார்னிஷ் காய எல்லாரும் மாறி மாறி ஊதினார்கள். மூடியைப் பூட்டி, செருகி, சுவிட்சைத் தட்டினார். ஃபேன் முனகியது, யோசித்தது, சுற்றியது. தூரத்தில் எருமை வாயை மூடியது.

பிள்ளைக்கென்று கட்டிய ஃபேன் அவிழவில்லை. பொழுது நகர்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. பாக்கியத்தாய் அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாள். சற்று நேரத்தில் தகர வீட்டிலிருந்து மலர்க்கொடியின் தாலாட்டு கேட்டது, அப்புறம் அதுவும் ஓய்ந்தது, பிள்ளை பால் குடிக்கிறது என்று தெரு புரிந்துகொண்டது. பால்துரை சுவரில் சாய்ந்தபடி தன் இடது கையைப் பார்த்தார். அதில் கம்பி அறுத்த கோடுகள் இருந்தன. அந்தக் கை அன்றைக்குப் பாயில் எதையும் சுற்றவில்லை. ஆட்கள் போகும்போது "வாறோம் அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், அவளிடம் அல்ல.

மறுநாள் மதிய வண்டி போனது, கேட் தூக்கியது, பொழுது நின்றது. யாருக்கோ அரைத்துத் தர வேண்டிய உளுந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் மில்லுக்குக் கிளம்பினாள். முந்தின நாள் அலுப்பில் தொண்டை வறண்டிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. தன் உடம்பில் அவள் எதைத்தான் கவனித்தாள்.

"இரு" என்றார் பால்துரை.

ராகமில்லாமல் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார், அவள் சாக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள், அவர் இடது கையைக் காட்டி அவளை நிறுத்தினார். காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போனார். அவர் அடுப்பைப் பற்றவைக்கப் பட்ட பாட்டையும், தேயிலை டப்பாவைத் தேடி உப்பு டப்பாவைத் திறந்ததையும், கருப்பட்டியைத் தரையில் வைத்துக் குதிகாலால் உடைத்ததையும் அவள் கதவோரம் நின்று பார்த்தாள். கை போகிறது, பிடித்துக்கொண்டாள். வாய் போகிறது, பிடித்துக்கொண்டாள். கடைசியில் நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். மில் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த வீட்டுத் தரையில் பகலில் அவள் உட்கார்ந்ததில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது.

அவர் டம்ளரைக் கொண்டுவந்தார். வருகிற வழியெல்லாம் தளும்பிக் கொட்டியது, வந்து சேர்ந்தது பாதிதான். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கருப்பட்டி அதிகம், தேயிலைத் தூள் வாயில் தட்டியது. தெருவே சொன்னதுபோல் அவர்கள் ஓருயிர் என்றால் இது நிற்கப்போவதில்லை, அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எதிரே உட்கார்ந்து அவள் குடிப்பதையே பார்த்தார். அவள் அவசரப்படாமல் குடித்தாள். கடைசி மடக்குவரை குடித்து, காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் உட்கார்ந்து நிழலைப் பார்த்தார்கள். வெளியே யாரோ யாருக்கோ சைக்கிள் பழக்கும் சத்தம், விழும் சத்தம், சிரிப்புச் சத்தம். எருமை வாயை மூடியது. நிழல் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

தங்கபுஷ்பம் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். தாகம் திரும்பி வரவில்லை.